காரில் இருந்த அக்காவின் எழுத்து

1

ஊரிலிருந்து அம்மா எழுதும் கடிதங்களில் சுகம் விசாரித்து முடிந்ததும் அடுத்ததாக வருவது எங்கள் காரைப் பற்றிய விசாரணைதான். ஓடுகிறதா, பனியில் நிற்கிறதா, எத்தனை பேர் இருக்கலாம் என்றெல்லாம் கேட்பார். இந்த முறை நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "நம்பர் வேறாகக் கிடக்கிறதே, காரை விற்றுவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

கார் அதேதான். நம்பர் தகடு மட்டும் மாறியிருக்கிறது. அதை ஒரு வரியில் எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரியில் முடியவில்லை.

இங்கே வாகன நம்பரில் முதலில் நிற்பது ஊரின் எழுத்து. நாங்கள் இருக்கும் ஹனோவருக்கு எச். அதற்குப் பிறகு ஒன்றோ இரண்டோ எழுத்துகள், பிறகு இலக்கம். வாகனப் பதிவு அலுவலகத்தில் கொடுப்பதை வாங்கிப் பூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கொஞ்சம் மேலதிகமாகக் கட்டினால் விரும்பிய எழுத்தைக் கேட்டும் வாங்கலாம், வேறு யாரும் அதை வைத்திருக்காவிட்டால். இந்த நாட்டவர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்து, மனைவியின் முதல் எழுத்து, பிறந்த ஆண்டு என்று கேட்டு வாங்குகிறார்கள்.

என் கணவர் தவராசா முதன்முதலில் கார் வாங்கியது எண்பத்து நாலாம் ஆண்டில். பழைய பச்சைக் கார். அதற்கு அவர் கேட்டு வாங்கிய நம்பர் எச் - எம்.டி. 61. 'டி' அவருடைய பெயர். 'எம்' என்னுடைய அக்கா மாலா. அறுபத்தொன்று அக்கா பிறந்த ஆண்டு.

அக்காவுக்குத்தான் அவரைக் கல்யாணம் பேசியிருந்தார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில், உடுத்த உடுப்போடு காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர் அவர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு மாதம் எங்கள் ஒழுங்கையிலேயே தன் மாமா வீட்டில் இருந்தார். பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வானொலிச் செய்தி கேட்க வருவார். செய்தி முடிந்த பிறகும் போகமாட்டார். அதன் பிறகு கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய அகதி வழக்கு சீக்கிரமே சரிவந்தது. அது பெரிய அதிர்ஷ்டம். அவரோடு வந்த பலர் வேலை செய்யவும் மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதியில்லாமல் விடுதி அறைகளில் யன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். அவருக்கு டயர் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததும் கார். கார் வந்ததும் அக்காவுக்கு ஒரு படம்.

பனிக்குள் ஒரு கையைக் காரின் மேல் வைத்தபடி நின்றார். அக்கா படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"எம் நான். டி அவர். இந்த எச் ஆரடி? எனக்கு முன்னாலை ஒருத்தி நிக்கிறாள்" என்றாள்.

எச் என்பது ஊர், பெண் இல்லை என்று அவர் அடுத்த கடிதத்தில் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார். அதை அவள் எங்கள் எல்லோருக்கும் உரத்து வாசித்துக் காட்டினாள். அப்பா கூடச் சிரித்தார்.

2

அந்த ஆண்டு முடிவில் அக்கா செத்துப்போனாள். வயிற்றுக்குத்து என்று படுத்தாள். ஊரடங்கு போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் ஒன்றும் வரவில்லை. அப்பா இரண்டு இடத்தில் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். விடிந்து ஊரடங்கு எடுத்த பிறகு ஒரு வான் வந்தது. அப்போது அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். குடல்வளரி என்கிற சின்னக் குடல்வால் வெடித்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். இங்கே அதற்கு ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு வருடம் கழித்து அவருடைய மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அவருக்காக என்னைப் பெண் கேட்டார். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு விருப்பமில்லாட்டி நான் சொல்லிப் போடுறன் பிள்ளை" என்றார். எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. நான் சம்மதித்ததற்குக் காரணம் ஒன்றுதான். அக்காவைத் தெரிந்த ஒருவரோடு இருக்கலாம் என்று நினைத்தேன். அவளைப் பற்றிப் பேசுவதற்கு அந்நிய நாட்டில் எனக்கு ஒரு ஆள் இருக்கும்.

எண்பத்தாறு தை மாதம் பிராங்பேர்ட்டில் வந்து இறங்கினேன். ஒரு அலுவலர் பலமுறை "ஃபிராவ் யயந்தி" என்று கூப்பிட்டார். வேறு யாரையோ தேடுகிறார் என்று நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபிராவ் என்றால் அம்மணி, ஜெயந்தி இந்த மொழியில் யயந்தி ஆகிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. சத்தமே இல்லை. கார்கள் நிறுத்தும் இடத்தில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வெள்ளை மேடுகள். அவர் ஒரு மேட்டின் முன்னால் நின்று கையால் பனியைத் தட்டினார். முதலில் தெரிந்தது எம். பிறகு டி. படத்தில் பார்த்து எனக்கு மனப்பாடமாகியிருந்த தகடு. நான் குனிந்து அந்த எம்மைத் தொட்டேன். உலோகம் விரலில் ஒட்டுகிற அளவுக்குக் குளிர்.

அவர் பின்னால் நின்று, "மாத்தோணும். நேரம் கிடைக்கேல்லை" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாற்ற வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். கல்யாணம் கட்ட வந்த பெண், வந்த அன்றே அதைச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் பேசாததை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மாசி மாதம் நகரசபை அலுவலகத்தில் பதிவு. பிறகு பரமேசக்கா வீட்டுச் சாமிப் படத்தின் முன்னால் தாலி. பரமேசக்காவும் கணவரும் எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடியில் இருப்பவர்கள். இங்கே எனக்குத் தாய்வீடு அவர்கள்தான்.

3

இங்கே நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகின்றன. மாரிக் குளிர்காலத்தில் காலை எட்டு மணிக்கும் இருட்டு. பின்னேரம் நாலு மணிக்கும் இருட்டு. நடுவில் கொஞ்ச நேரம் பால் கலந்தது போல ஒரு வெளிச்சம். முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. சூடான விரிப்புகளை மடித்து மடித்து அடுக்கும்போது சில நேரம் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துவிடும். இயந்திரங்களின் இரைச்சல் தூரத்துக் கடல் போல இருக்கும்.

எண்பத்தாறு முடிவில் மகள் அனுசா பிறந்தாள். அவள் முதலில் பேசிய சொல் "மாமா." இந்த நாட்டுப் பிள்ளைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பூங்காவில் கேட்டுப் பழகிவிட்டாள். என்னைப் பார்த்து "மாமா, மாமா" என்று கையை நீட்டுவாள். ஊரில் இருக்கும் என் தம்பிக்கு இதை எழுதினேன். தன் பட்டத்தை நான் பறித்துவிட்டதாகப் பதில் எழுதினான். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் ஓடிவந்து "நைன், மாமா", இல்லை அம்மா, என்று சொல்லும்போதெல்லாம் என் பிள்ளை என்னைக் கடந்து வேறு யாரையோ கூப்பிடுவது போல ஒரு நினைப்பு வந்து போகும்.

மாரியில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அது பனியோடு சேர்ந்து கரும் கூழாகிக் காரில் அப்பிவிடும். சனிக்கிழமைகளில் ஒரு வாளி சுடுதண்ணியோடு கீழே இறங்கிப் போய் முன்னும் பின்னும் தகடுகளைத் துடைப்பேன். காரின் மற்றப் பகுதியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எம்மின் இடுக்குகளில் உப்பு இருந்தால் உலோகம் அரித்துவிடும் என்று ஒரு பயம். அக்காவை எரித்த இடத்தில் ஒரு அடையாளமும் இல்லை. சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டோம். பெயர் என்று வெளியில் எங்காவது எழுதிக் கிடக்கிறதென்றால், ஹனோவர் வீதியில் இந்த ஒரு எழுத்துத்தான்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் அக்காவின் பெயரை எடுக்கவில்லை. அவளைப் பற்றிப் பேசத்தான் நான் வந்தேன். வந்த பிறகு, அந்தப் பேச்சை எடுத்தால் அவர் நொந்துவிடுவார் என்று நான் விலகினேன். நான் நொந்துவிடுவேன் என்று அவர் விலகினார். யன்னலில் நின்று நான் துடைப்பதைப் பார்ப்பார். "குளிருக்குள்ளை நிக்காதையும், விட்டிட்டு வாரும்" என்பார். அவ்வளவுதான்.

பரமேசக்காவும் பார்த்திருக்கிறார். ஒரு நாள் என் கணவரைப் பிடித்துச் சொன்னாராம்:

"தம்பி, அந்தப் பிள்ளை சனிக்கிழமை சனிக்கிழமை அந்தத் தகட்டைப் போட்டு உரஞ்சுது. ஆத்திரம் இல்லாட்டி ஒரு பொம்பிளை அப்பிடி உரஞ்சுவாளே? வாய் திறந்து கேக்கமாட்டாள். நீர்தான் மாத்திக் குடுக்கோணும்."

4

இந்த ஆண்டு, எண்பத்தொன்பதில், எங்கள் கல்யாண நாளன்று நான் வேலை முடிந்து முதியோர் இல்லத்தின் வாசலுக்கு வந்தேன். மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. அவர் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். எதிரே ஒரு பச்சைக் கார் நின்றது. நம்பரைப் பார்த்தேன். எங்களுடையது இல்லை. பஸ் தரிப்பிடத்துக்குப் போய் ஒதுங்கி நின்றேன். அந்தக் கார் ஹோர்ன் அடித்தது. யாரோ என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்ணாடியை இறக்கி அவர் கூப்பிட்டார். "ஜெயந்தி, என்ன, காரைத் தெரியேல்லையோ?"

கிட்டப் போனேன். புத்தம் புது வெள்ளைத் தகடு. எச் - ஜே.டி. 64. என் பெயர், நான் பிறந்த ஆண்டு. அவர் இறங்கி வந்து மழைக்குள் நின்று என் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்று கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அரை நாள் லீவு எடுத்தனான். ரெண்டு மணித்தியாலம் அலுவலகத்திலை இருந்தனான். நல்ல காலம், இந்த நம்பர் ஒருத்தரிட்டையும் இருக்கேல்லை" என்றார்.

"மற்றது எங்கை?"

"எது?"

"பழைய தகடு. ரெண்டும்."

"தகட்டிலை இருந்த அரசாங்க முத்திரையைச் சுரண்டிப்போட்டு அலுவலகத்திலை திருப்பித் தந்தவை. தகடு அடிக்கிற கடையிலை ஒரு பெரிய பீப்பா இருக்கு. எல்லாரும் அதுக்குள்ளைதான் போடுகினம். நானும் போட்டிட்டு வந்திட்டன்."

நான் காரில் ஏறி உட்கார்ந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முதலில் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் இறங்காமல் இருந்தார்.

"நான் என்ன பிழை விட்டனான் எண்டு சொல்லும்."

"அக்காவைப் பீப்பாவுக்குள்ளை போட்டிட்டு வந்திருக்கிறீங்கள்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று எனக்கு உறைத்தது. அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி இருந்தார். அன்றைக்குப் பரமேசக்கா எங்களுக்காகப் பாயாசம் காய்ச்சி வைத்திருந்தார். இரண்டு பேரும் போய்க் குடித்தோம். புதுத் தகட்டைப் பற்றிப் பரமேசக்கா கேட்டபோது நல்ல வடிவு என்று நான் சொன்னேன்.

5

அடுத்த நாள் காலையில் அவர் வேலைக்குப் போகவில்லை. "வெளிக்கிடும், அந்தக் கடைக்குப் போவம்" என்றார். அனுசாவையும் தூக்கிக்கொண்டு போனோம்.

கடை திறக்க நேரமிருந்தது. வாகனப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே காரை நிறுத்தினோம். பின் இருக்கையில் பிள்ளை நித்திரையாகிவிட்டாள். எங்கள் மூச்சில் கண்ணாடிகள் எல்லாம் புகைந்து வெளியுலகம் மறைந்துவிட்டது. அந்த வெள்ளைக்குள் இருந்துகொண்டு அவர் பேசத் தொடங்கினார்.

"நீர் அதை உரஞ்சிறதைப் பாக்கேக்கை எனக்கு நெஞ்சு பதறும். அக்கான்ரை பேரைத் தேய்ச்சு அழிக்கப் பாக்கிறீர் எண்டு நினைச்சன்."

"அழிக்கவோ? உப்பு அரிச்சுப்போடும் எண்டு துடைச்சனான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை. வந்த அண்டைக்கே மாத்தோணும் எண்டு சொன்னீங்கள். அவளை மறக்கப் பாக்கிறீங்கள் எண்டு நினைச்சன்."

"மறக்கிறதோ." அவர் கையால் கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்து வெளியே பார்த்தார். "ரெண்டு மாதம்தான் மாலாவைப் பாத்தனான். அதுவும் நீங்கள் எல்லாரும் சுத்தி இருக்கேக்கை. தனிய ஒரு நாள்தான் கதைச்சது, கிணத்தடியிலை. அண்டைக்கும் என்ன கதைச்சம் எண்டு ஞாபகமில்லை. அவ சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. உம்மட்டை எவ்வளவோ கேக்கோணும் எண்டு இருந்தது. கட்டின மனுசியிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது?"

"கேளுங்கோ" என்றேன்.

அவர் கேட்டார். அக்காவுக்கு என்ன பிடிக்கும், கோபம் வந்தால் என்ன செய்வாள், அவருடைய கடிதங்களை எங்கே வைத்திருந்தாள். கடைசி இரவைப் பற்றிக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் மௌனமாக அழுதார். கடை எப்போது திறந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கடைக்காரி பருத்த உடம்பும் நீல மேலங்கியுமாக இருந்தாள். என்ன தேடுகிறோம் என்று அவர் சொன்னதும் பீப்பாவைக் காட்டினாள். பாதிதான் இருந்தது. பழைய இரும்பு எடுப்பவன் நேற்று மாலையே வந்து பாதியை அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்றாள். இருந்தாலும் தேடச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். யார் யாருடையவோ பெயர்களின் முதல் எழுத்துகள். வளைந்தவை, கல் பட்டுச் சொட்டை விழுந்தவை. எங்களுடையது இல்லை.

எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரி, அதே எழுத்தில் புதிதாக ஒன்று அடித்துத் தருகிறேன், முத்திரை இல்லாமல் வீட்டில் மாட்டி வைக்கலாம் என்றாள். அவர் என்னைப் பார்த்தார்.

"அடிப்பிப்பமோ?"

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சுவரில் அதைத் தொங்கவிட்டு அதன் கீழே இருந்து சோறு சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். "வேண்டாம்" என்றேன். "அது ஓடித் திரிஞ்ச எழுத்து."

ஜே.டி. அப்படியே இருந்தது. சனிக்கிழமைகளில் அதை நான் துடைப்பதில்லை. அவர் துடைக்கிறார்.

6

கார்த்திகை மாதம், கிழக்கு ஜெர்மனி எல்லை திறந்து ஒரு கிழமை இருக்கும். ஹனோவர் வீதிகளில் கிழக்கிலிருந்து வந்த சின்னச் சின்னக் கார்கள் புகை கக்கியபடி நிறைந்திருந்தன. எங்கும் நெரிசல். புதிதாக வந்தவர்கள் கடைகளின் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு ஆறுதலாக நடந்தார்கள். நாங்கள் முதலில் வந்தபோது நடந்தது போலவே நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்தப் புகைக்குள்ளும் மெல்லிய வெயிலுக்குள்ளும் எங்கள் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அரை நித்திரை.

அவர் என் கையில் தட்டினார். "முன்னுக்குப் பாரும்."

முன்னால் ஒரு சிவப்புக் கார். எச் - எம்.டி. 61.

பழைய தகடு இல்லை. புதிதாக அடித்தது. நாங்கள் விட்ட நம்பரை யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் சந்தி வந்தது. சிவப்புக் கார் நேரே போனது.

"பின்னாலை போவமே?" என்றார்.

"போங்கோ."

நகரம் முடிந்து வயல்கள் வந்தன. உழுது விட்ட கரிய மண். மேலே வெள்ளைப் புகார், பனிமூட்டம். சிவப்புக் கார் விரையவுமில்லை, எங்களுக்காகக் காத்திருப்பது போல மெதுவாகவும் இல்லை. அனுசா பின்னாலிருந்து எங்கே போகிறோம் என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். ஒரு சின்னக் கிராமத்தில், செங்கல் வீடு ஒன்றின் முன்னால் அந்தக் கார் நின்றது. அவரும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் நாங்கள் செய்வது என்ன என்று விளங்கியது. இனித் திரும்பவும் வெட்கம், நிற்கவும் வெட்கம்.

காரிலிருந்து ஐம்பது வயதுப் பெண் ஒருவர் இறங்கினார். பின்பக்கத்தைத் திறந்து அப்பிள் பெட்டியை எடுத்தவர் எங்களைக் கண்டு, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார்.

என் கணவர் இறங்கி நின்று, தெரிந்த ஜெர்மன் மொழியில் விளக்கினார். உங்கள் நம்பர் முந்தி எங்களிடம் இருந்தது. கண்டோம். பின்னால் வந்துவிட்டோம். மன்னிக்க வேண்டும்.

அந்தப் பெண் சிரித்தார். எம் தன் பெயராம், டி தன் கணவருடைய பெயராம். அறுபத்தொன்றில் கல்யாணம் கட்டினார்களாம். "உங்களுக்கு எம் யார்?" என்று கேட்டார்.

அவர் தடுமாறுவது தெரிந்தது. என்னைக் கட்டுவதற்கு முன் பேசியிருந்த பெண் என்று சொல்வதா, மனைவியின் அக்கா என்று சொல்வதா? கடைசியில் சொன்னார்: "உன்சரெ மாலா." எங்கள் மாலா.

"இப்போது அவர் வேறு கார் வாங்கிவிட்டாரா?"

நான் கதவைத் திறந்து இறங்கினேன். நான் ஜெர்மன் மொழியில் அதிகம் பேசுவதில்லை. வேலையிடத்தில் கூடத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கு நானே சொன்னேன். அவள் இறந்துவிட்டாள், ஊரில், இந்த நாட்டைப் பார்க்கவில்லை, எனக்கு அக்கா. நான்கு சின்ன வசனங்கள். இத்தனை வருடத்தில் ஒரு வெளியாளிடம் அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை.

அந்தப் பெண் கையைத் தன் கோட்டில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். திரும்பித் தன் காரைப் பார்த்தார்.

"அப்படியென்றால் நான் கவனமாக ஓட்டுகிறேன்" என்றார்.

போகும்போது அனுசாவின் மடி நிறைய அப்பிள் போட்டுவிட்டார். திரும்பி வரும் வழியில் புகார் இன்னும் இறங்கியிருந்தது. முன்னால் போகும் கார்களின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அனுசா ஒரு அப்பிளைக் கடித்தபடி, மாலா என்றால் யார் என்று கேட்டாள். அதையும் ஜெர்மன் மொழியில்தான் கேட்டாள்.

"உன்ரை பெரியம்மா" என்றார் அவர் தமிழில். "நல்ல வடிவாச் சிரிப்பா. வீட்டிலை எல்லாருக்கும் அவதான் கடிதம் வாசிக்கிறது. சைக்கிள் மட்டும் ஓடத் தெரியாது."

"ஆர் சொன்னது தெரியாதெண்டு?" என்றேன். "என்னையும் பின்னாலை ஏத்திக்கொண்டு ஓடுவாள்."

"நான் ஒரு நாளும் காணேல்லை."

"நீங்கள் வீட்டிலை நிக்கேக்கை அவளுக்கு வெக்கம்."

"அப்பிடியோ" என்றார். பிறகு, "சொல்லும், எங்கை ஓடினவ?" என்று கேட்டார். நான் இருக்கையில் பாதி திரும்பி உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் கேட்கும்படியாகச் சொல்லத் தொடங்கினேன்.